மீனாவின் படிவம்

நியூயார்க்

அன்புள்ள முருகேசா,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே என் மகள் மீனா ஜூலையில் எழுதிய பார் தேர்வில், அதாவது வக்கீலாவதற்கான பரீட்சையில், பாஸ். 266 மார்க் வேண்டும், தாண்டிவிட்டாள். "அப்புறமென்ன, கோட்டு தைக்கக் கொடு" என்பாய். முடியவில்லையடா. ஆள் யோக்கியமா என்று பார்க்க இங்கே தனியாக ஒரு குழு இருக்கிறது. நம்மூர் வக்கீல் சட்டத்தின் 24ஏ பிரிவு தண்டனை பெற்றவரையும், ஒழுக்கக்கேட்டுக்காக அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவரையும் பற்றித்தான் பேசுகிறது. இங்கே தண்டனையே இல்லாதவளும் குடியிருந்த முகவரிகளிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும்.

அப்போதுதான் ஒரு சங்கதி வெளியே வந்தது. 19 வயதில் பீர் குடித்து மாட்டி அபராதம் கட்டியிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது, அது போகட்டும். சட்டக் கல்லூரி விண்ணப்பத்திலும் எழுதவில்லை! பீரை யாரும் பெரிதுபண்ண மாட்டார்களாம், மறைத்ததுதான் வினை. டீனுக்குத் திருத்தக் கடிதம் எழுதினாள். நாலு வரிக்கு மூன்று ராத்திரி.

பொய்க் கட்டுரைகள் எழுதி மாட்டிய பத்திரிகையாளர் ஸ்டீபன் கிளாஸை கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2014இல் வக்கீலாகச் சேர்க்க மறுத்தது. சிறையிலிருந்து வந்து சட்டம் படித்த டாரா சிம்மன்ஸை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் ஏகமனதாகச் சேர்த்துக்கொண்டது. இதைச் சொல்லித்தான் மீனாவைத் தேற்றினேன்.

எனக்கு உறுத்துவது வேறு. இரண்டாம் வருஷம் அவள் மாதக்கணக்கில் தூங்கவில்லை. டாக்டரிடம் போனால் படிவத்தில் எழுத வேண்டிவரும் என்று எவனோ சீனியர் சொன்னதை நம்பி, போகவே இல்லை. நியூயார்க் அந்த மனநலக் கேள்வியை 2020லேயே எடுத்துவிட்டது. கேள்வி போய்விட்டது, பயம் மட்டும் ஹாஸ்டலில் தங்கிவிட்டது. வக்கீல்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் இலவச உதவித் திட்டம்கூட உண்டு. அங்கே பேசுவது வெளியே போகாது என்று நீதித்துறைச் சட்டம் 499ஆம் பிரிவே சொல்கிறது. இதை முதல் நாளே வகுப்பில் சொல்லியிருக்கலாம். இப்போது ஒருவரிடம் போய்க்கொண்டிருக்கிறாள். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

குழுவின் நேர்காணல் அடுத்த மாதம். நம் காலேஜில் எல்லோருக்கும் 'நடத்தை: நன்று' என்று ஒரே ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார்களே, ராத்திரி ஆட்டம் சினிமாவுக்குச் சுவரேறிக் குதித்த உனக்கும் சேர்த்து, அதைச் சொன்னேன். "முருகேசன் மாமா இங்கே விண்ணப்பித்தால் அந்தச் சுவரையும் எழுதணும்ப்பா" என்கிறாள்.

உன்,
சேகர்