மின்னஞ்சலில் போன ஒற்றை ‘1’

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகளுக்கு உள்ளூரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தியில் இங்கே எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி.

கடைக்காக பிஎச்பி (PHP) என்ற நிரல்மொழியில் நீ எழுதிவரும் நிரலில், வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சலில் ரசீதுக்குப் பதிலாக ‘1’ என்ற எண் மட்டும் இருந்ததாகவும், ரசீது முழுவதும் கடைக் கணினியின் திரையிலேயே வந்து நின்றதாகவும் எழுதியிருந்தாய். எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே ‘1’-இல் கழிந்திருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரசீதுக் கோப்பை அழைக்கும் இன்க்ளூட் (include) என்ற கட்டளை, அந்தக் கோப்பை அழைத்த இடத்திலேயே இயக்கும். கோப்பு எக்கோ (echo) செய்வதெல்லாம், அதாவது வெளியே எழுதுவதெல்லாம், நேராக உலாவிக்குப் போய்விடும். கோப்பில் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் (return) வரி எதுவும் இல்லாவிட்டால், இன்க்ளூட் திருப்பித் தருவது வேலை முடிந்ததற்கு அடையாளமான 1 மட்டுமே. அதைத்தான் நீ மாறியில் (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயரில்) பிடித்து அனுப்பியிருக்கிறாய். கோப்பைப் படிக்கும் ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் (file_get_contents) கட்டளையும் இதற்கு உதவாது. அது கோப்பை இயக்காமல், உள்ளே இருக்கும் நிரல் வரிகளையே அப்படியே எடுத்து வந்துவிடும்.

இன்க்ளூடுக்கு முன்னால் ஓபி_ஸ்டார்ட் (ob_start) என்று ஒரு வரியும், பின்னால் ஓபி_கெட்_கிளீன் (ob_get_clean) தருவதை மாறியில் வாங்கும் ஒரு வரியும் எழுது. முதல் வரி பஃபரை, அதாவது வெளியீட்டைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இடத்தை, திறக்கிறது. உலாவிக்குப் போகவேண்டிய எழுத்துகள் அதில் தேங்குகின்றன. கடைசி வரி அவற்றை மொத்தமாக உன் கையில் கொடுத்துவிட்டு பஃபரை மூடிவிடுகிறது. இந்த மூன்று வரிகளையும் தனிச் செயற்கூறாக்கி (function), ரசீதுக்கு வேண்டிய விவரங்களை அதற்குள் அனுப்புவதையே நான் வலியுறுத்துவேன். ஏனெனில் இன்க்ளூட் செய்த கோப்பு, தான் அழைக்கப்பட்ட இடத்தின் மாறிகளையே பயன்படுத்துவதால், ரசீதில் இருக்கும் ‘மொத்தம்’ என்ற மாறி கல்லாக் கணக்கில் இருக்கும் அதே பெயருள்ள மாறியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடக்கூடும். பஃபர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால், ரசீதுக்குள் முகவரிக் கோப்பையும் இதே செயற்கூற்றால் நீ தயங்காமல் அழைக்கலாம்.

நான் இடறியது வேறோர் இடத்தில். ரசீது பாதி எழுதியிருக்கையில், நிரலின் ஓட்டத்தை இடையில் முறிக்கும் எக்ஸெப்ஷன் (exception) என்ற பிழை எழுந்தது. மூடும் வரிக்கு நிரல் வரவே இல்லை. பிஎச்பி தன் வேலை முடிந்ததும் திறந்து கிடந்த பஃபரை உலாவியில் கொட்டிவிட, பாதி ரசீதும் அதன் கீழே பிழைச் செய்தியுமாகப் பக்கம் வந்து நின்றது. அன்றுமுதல் இன்க்ளூடையும், பஃபரில் இருப்பதை எடுத்துத் தரும் ஓபி_கெட்_கன்டென்ட்ஸ் (ob_get_contents) தருவதை ரிட்டர்ன் செய்வதையும் ட்ரை (try) பகுதிக்குள் வைத்து, பஃபரை மூடும் ஓபி_எண்ட்_கிளீனை (ob_end_clean), எக்ஸெப்ஷன் எழுந்தாலும் கடைசியில் இயங்கும் ஃபைனலி (finally) பகுதியில் எழுதிவருகிறேன். பிஎச்பி 5.5 முதல் ஃபைனலி உண்டு. எது நேர்ந்தாலும் பஃபர் மூடப்படும்.

நிரலை உடனே நிறுத்தும் எக்ஸிட் (exit) கட்டளைக்கு மட்டும் ஃபைனலியும் காவல் இல்லை. நிரல் அங்கேயே நின்று, பஃபரில் இருப்பது திரைக்குப் போய்விடும். உன் ரசீதுக் கோப்பில் அப்படி ஒரு வரி இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, மாற்றிய நிரலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்