மீயொலியும் கொசுவும்

கொசுக்களின் கேட்கும் திறன் குறித்த தங்கள் அறிவியல் செய்தியை வாசித்தேன். ஆண் கொசு தன் உணர்கொம்புகளால் கேட்பது பெண் கொசுவின் சிறகொலியை. துணை தேடவே அந்தச் செவி. கடிப்பதோ பெண் கொசு. இது தெரிந்த பிறகும், மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியால் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகள் கடைகளில் தாராளமாக விற்கப்படுகின்றன. 10 கள ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, இவை கொசுக்கடியைத் தடுப்பதற்குச் சான்றே இல்லை என்றது. எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் இக்கருவியின் விளக்கு இரவெல்லாம் எரிகிறது. பக்கத்திலேயே கொசுவர்த்திச் சுருளும் புகைகிறது!

ஆண் கொசுக்களைப் பொறிக்குள் ஈர்க்க ஒலியைப் பயன்படுத்தும் முயற்சிகளுக்கு ஆய்வு நிதி செல்லட்டும். விரட்டும் கருவிகளின் விளம்பரங்களுக்கு ஆதாரம் கேட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்