ஹிட்-அவுட் எண்ணி ரக்மேனை எடுக்காதீர்கள்: ஃப்ரீமாண்டில் தேர்வுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஃப்ரீமாண்டில் டாக்கர்ஸ் தேர்வுக்குழுவினருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் நடுவர் போடும் பந்துக்கு எழும்பித் தட்டுகிறவர்தான் ரக்மேன். உங்கள் ரக்மேன்கள் ஷான் டார்சி, லூக் ஜாக்சன் இரண்டு பேரையும் ஒரே அணியில் ஆடவைப்பதா, ஒருவரை உட்காரவைப்பதா என்ற பஞ்சாயத்து, 2022 கடைசியில் ஜாக்சனை மெல்போர்னிலிருந்து நீங்கள் கூட்டிவந்த நாள் முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. பர்த்தில் உங்கள் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதுதான் பேச்சு, அதில் தமிழில் பேசிக்கொள்கிறவர்களும் உண்டு, அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். என் கட்சி இது: முதல் ரக்மேன் ஜாக்சன். டார்சி கோல் அடிக்கும் முன்வரிசையில் என்ன செய்வார் என்பதைப் பார்த்துத்தான் அந்தந்த வாரம் அவருக்கு இடம் தரவேண்டும், எத்தனை ஹிட்-அவுட் எடுப்பார் என்று பார்த்து அல்ல.

ஹிட்-அவுட் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவர் பந்தைப் போடுவார், இரண்டு நெட்டையர்கள் எழும்புவார்கள், பந்தைத் தெளிவாகத் தட்டிவிட்டவர் பெயரில் ஒன்று ஏறும். அந்தப் பந்து எதிராளியின் கையில் போய் விழுந்து அவன் ஓடியே போனாலும் ஏறும்! நார்த் மெல்போர்னின் டாட் கோல்ட்ஸ்டீன் 2015-ல் ஒரே ஆட்டத்தில் 80 எடுத்தார், பெரிய சாதனைதான். ஆனால் அவரை நல்ல ரக்மேன் ஆக்கியது அந்த எண் இல்லை, நாள் முழுக்கச் சளைக்காமல் ஓடிய கால்கள்.

தட்டிய பந்து நம் மிட்ஃபீல்டர் செராங் ஓடிவரும் வழியில் விழுந்ததா, அவர் நின்று திரும்பி எடுக்கும்படி விழுந்ததா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது வேறொன்று. பின்வரிசையில் ஒருவர் மாட்டிக்கொண்டு, உள்ளே பாஸ் கொடுக்க ஆளில்லாமல், எல்லைக்கோட்டை ஒட்டி நீளமாக உதைக்கிறார். அங்கே நிற்கவேண்டியது ரக்மேன். அதை அவர் பிடித்தால் அணி மூச்சுவிடும், பிடிக்காவிட்டாலும் குத்தி வெளியே தள்ளவாவது வேண்டும். அந்த இடத்துக்கு அவர் வந்துசேரவே இல்லை என்றால் பந்து வந்த வழியே திரும்பி வந்து கோலாகும். ஒரு ஆட்டத்தில் இது எத்தனை முறை நடக்கிறது, ஆனால் ஹிட்-அவுட் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஜாக்சன் என்ன செய்யக்கூடியவர் என்பதை உங்கள் சொந்த மைதானமே பார்த்திருக்கிறது. 2021 கிராண்ட் ஃபைனல், அதாவது சீசனின் இறுதியாட்டம், கோவிட் காரணமாக பர்த்தில் நடந்தது. மெல்போர்ன் மூன்றாம் குவார்ட்டரில் 19 புள்ளி பின்தங்கி, அப்புறம் 74 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த குவார்ட்டரின் கடைசி நிமிடங்களில் கோல் மேல் கோல் விழுந்தபோது மைய வட்டத்தில் குதித்துக்கொண்டிருந்தவர் கேப்டன் மேக்ஸ் கான் இல்லை, 19 வயது ஜாக்சன். தட்டிவிட்டு நின்றுவிடாமல், பந்து தரையில் விழுந்ததும் இன்னொரு மிட்ஃபீல்டர்போல அவரும் பின்னாலேயே போனார்.

அவர் கிளம்பியதும் மெல்போர்ன் என்ன செய்தது? பிராடி கிரண்டியை வாங்கியது. கான், கிரண்டி இருவருமே ஆல்-ஆஸ்திரேலியன் ரக்மேன்கள், காகிதத்தில் அதைவிட நல்ல ஜோடி ஏது. ஆனால் கிரண்டி முன்வரிசையில் ஒட்டவில்லை, 2023-ல் கீழ்மட்டப் போட்டியான விஎஃப்எல் ஆட அனுப்பப்பட்டார், அடுத்த வருஷம் சிட்னிக்குப் போய்விட்டார். போய் முதல் ரக்மேனாக நன்றாகவே ஆடினார், ஆள் மேல் குறை இல்லை. ஒரே உறையில் இரண்டு கத்தி, அவ்வளவுதான்.

அந்த கிரண்டிக்கு எதிராகத்தான் 2024 கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேன் மாற்று ரக்மேன் டார்சி ஃபோர்ட்டை (நம் டார்சி இல்லை, வேறொருவர்) இறக்கியது. முதல் ரக்மேன் ஆஸ்கர் மெக்கினெர்னிக்கு அதற்கு முந்தைய பிரிலிமினரி ஃபைனலில் தோள் போய்விட்டது. மாற்று ஆளோடு ஆடிய அணி 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. ரக்மேனுக்காக மற்ற இடங்களை வளைக்கவேண்டியதில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2026-ல் விதிகளும் மாறிவிட்டன. மையத்தில் பந்தைத் தரையில் அடித்து எழுப்புவது போய், நடுவர் நேரே மேலே எறிகிறார், ரக்மேன் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் மோத முடியாது. ஆக உடம்பால் தள்ளுகிறவரைவிட எழும்பிக் குதிக்கிறவருக்கு லாபம், ஜாக்சனோ சின்ன வயதில் கூடைப்பந்து ஆடியவர். இரு கோல்களிலிருந்தும் 50 மீட்டரில் வரைந்த வளைவுகளுக்கு நடுவே கடைசியாக உதைத்த அல்லது கையால் கொடுத்த அணியிடமிருந்து பந்து வெளியே போனால் எதிரணிக்கு ஃப்ரீ கிக், அதனால் வெளியே போன பந்தை நடுவர் உள்ளே எறிய ரக்மேன்கள் மோதும் எல்லைக்கோட்டு த்ரோ-இன்களும் குறையும். டார்சியின் பலம் அங்கேதான் அதிகம் எடுபடும். சரி, பெஞ்சில் ஐந்து பேர் ஆகிவிட்டார்களே, இரண்டாவது ரக்மேனுக்கு இடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் ஓடக்கூடிய ஒரு மிட்ஃபீல்டரையும் எதிரணி வைத்திருக்கும், கடைசி குவார்ட்டரில் அது தெரியும்.

211 சென்டிமீட்டர் உயர முன்னாள் ரக்மேன் ஆரன் சாண்டிலாண்ட்ஸைப் பார்த்துப் பழகிய கிளப் இது, பெரிய உருவத்தின் மேல் ஒரு பாசம் எங்களுக்கும் உண்டு. டார்சியை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அணியை அறிவிக்கும் முன் அவர் முன்வரிசையில் நின்ற நேரத்தின் வீடியோவை மட்டும் தனியாக வெட்டிப் பாருங்கள்: எத்தனை பந்து பிடித்தார், பிடிக்காததில் எத்தனையைத் தரைக்குக் கொண்டுவந்தார், எதிரணிப் பின்வரிசை எத்தனையை அவர் தலைக்கு மேலே சும்மா பிடித்துக்கொண்டு போனது. அது தேறினால் இருவரும் ஆடட்டும், தேறாத வாரம் ஜாக்சன் மட்டும்.

இப்படிக்கு,
டாக்கர்ஸ் ரசிகன் ஒருவன்