இரண்டாம் ஆண்டுக் கட்டத்தில் இல்லாதவன்

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? சின்னவளுக்கு வேலை கிடைத்ததை நம் தோழி லட்டு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் தனியாக இருக்கிறது, நேரில் வரும்போது தீர்த்துக்கொள்கிறேன்.

எட்டு மாதமாக நானும் ஒரு வரி எழுதவில்லை. தப்புதான். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே “அதெல்லாம் விடுட்டி” என்பாய். நீ இதை முழுசாகக் கேட்க வேண்டும். கடைசியில் உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அதனால் பொறுமையாகப் படி.

இந்த வருடம் எங்கள் கல்லூரி முதல்வர் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். “நீங்க எகனாமிக்ஸ், உங்களுக்குத்தான் கணக்கு வரும்” என்றார். 2011இல் தொடங்கிய கணக்கெடுப்பு இது. நாட்டில் உள்ள பல்கலைக்கழகம், கல்லூரி எல்லாம் வருடந்தோறும் தங்களிடம் படிக்கிறவர்களின் எண்ணிக்கையைக் கணினியில் ஏற்ற வேண்டும். நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஒரு படிவம், அதன் கீழ் இருக்கும் எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு வேறு படிவம். ஒவ்வொரு பாடத்துக்கும் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு. அதற்குள் சாதிப் பிரிவு. அதற்குள் ஆண், பெண். மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுபான்மையினருக்கும் தனி வரிசைகள். முதல் வாரம் சலித்துக்கொண்டேதான் செய்தேன். இரண்டாவது வாரம் விட முடியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து விளக்கை அணைக்கும்படி ஆயிற்று.

சுந்தரனார் என்றதும் நினைவு வருகிறது. மூத்த அக்காக்களுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டம், நமக்கு மட்டும் 1990இல் பிறந்த புதுப் பல்கலைக்கழகத்தின் பட்டமா என்று அழுதாயே! “வெளியூர்ல இதை யாருக்குத் தெரியும்” என்று ராஜம் டீச்சரிடமே கேட்டவள் நீ. இன்றைக்கு நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் பட்டம் வாங்குகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு இறங்கிவிட்டது என்று நீ ஒருமுறை வாட்ஸப்பில் ஒரு செய்தியை அனுப்பி, “51இல் இருந்து 47க்கு இறங்கிட்டோமே, காலேஜ்ல என்னதான் பண்றீங்க” என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். கல்லூரியில் படிக்கிற எல்லோரையும், எந்த வயதானாலும் சரி, கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதை 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிக்கிற போலீஸ்காரரும் மேல் எண்ணில் சேர்த்தி. அப்படி வருவதுதான் மொத்தச் சேர்க்கை விகிதம். 2019-20இல் தமிழ்நாட்டுக்கு அது 51.4. அதுவரை மக்கள்தொகையை 2001 கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டார்கள். 2020-21இல் 2011 கணக்கெடுப்புக்கு மாறினார்கள். நமக்குக் கீழே இருக்கிற எண் பெரிதாகிவிட்டது, விகிதம் 46.9 ஆயிற்று. பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடியதால் வந்த இறக்கம் இல்லை அது. 2021இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை, 2027இல் என்று அறிவித்திருக்கிறார்கள். அது வந்தபிறகு மறுபடி ஒருமுறை இந்த எண் ஆடும். அப்போதும் நீ பதறி அனுப்பாதே, முதலில் என்னைக் கேள்.

2021-22 அறிக்கையில் நாடு முழுக்க 28.4 சதவீதம், நமக்கு 47. தமிழ்நாட்டில் மட்டும் 33 லட்சம் பேர். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஊரில் பஸ் ஏறுகிற இடத்தில் காலையில் நின்று பார்த்தால் தெரியும், முன்பு கல்லூரி வாசலே மிதிக்காத தெருக்களில் இருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள்.

ஆனால் அந்தத் தெருக்களைப் படிவம் கேட்பதில்லை, செல்வி. எங்கள் சேர்க்கை விண்ணப்பத்தில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. என்று தனித்தனியாக இருக்கிறது. டெல்லிப் படிவத்தில் முதல் மூன்றும் ஓ.பி.சி. என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடும். அருந்ததியர் எஸ்.சி. கட்டத்துக்குள். 2009இல் சட்டம் போட்டு, 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் அவர்களுக்கென்று கொடுத்தோம். மாநிலங்கள் அப்படி உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பும் சொல்லியாயிற்று. அந்த 3 சதவீதத்தில் எத்தனை பிள்ளைகள் உள்ளே வந்தார்கள் என்று என் படிவத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதேபோல முதல் பட்டதாரிக்கும் கட்டம் இல்லை. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள்தான் எங்களிடம் நிறையப் பேர். நாமும் அப்படி வந்தவர்கள்தானே. உன் அப்பா ஹாஸ்டல் பாரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, மையை வேட்டியில் துடைத்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. எனக்கு அந்தக் கட்டம் வேண்டும். இருந்திருந்தால் எத்தனை ஆசையோடு நிரப்பியிருப்பேன் தெரியுமா?

பெண்கள் கணக்கைப் போடும்போது மனசு நிறைந்துவிட்டது. எங்கள் வருகைப் பதிவேட்டில் பெண்கள் பெயர் ஒரு பக்கம் தாண்டி அடுத்த பக்கம் போகிறது. நாடு முழுக்கவே 2021-22இல் 4.33 கோடி பேரில் 2.07 கோடி பேர் பெண்கள். நம் காலத்தில் பி.ஏ. முடிக்கும் முன்னால் பாதிப் பேர் கழுத்தில் தாலி ஏறிவிடும். தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022இல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள் இல்லையா, அது என்ன வேலை செய்கிறது என்பதை நான் வகுப்பில் பார்க்கிறேன். பணம் சிறியதுதான். ஆனால் அது அவள் பேரில் இருக்கிற வங்கிக் கணக்கில் விழுகிறது. “படிப்பை நிறுத்தினா இதுவும் நின்னுடும்மா” என்று வீட்டில் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது.

பையன்கள் பக்கம் வரும்போதுதான் எனக்கு இடித்தது. அவர்களுக்கும் 2024 ஆகஸ்டில் இருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1000 ரூபாய் வருகிறது. இருந்தும் அவர்கள் பெயர் பாதிப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அலுவலக பீரோவில் இருந்து பழைய வருடத்துப் படிவங்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒரு வருடத்து முதலாம் ஆண்டுக் கட்டம், அடுத்த வருடத்து இரண்டாம் ஆண்டுக் கட்டம், அதற்கடுத்த வருடத்து மூன்றாம் ஆண்டுக் கட்டம். இப்படிக் குறுக்காகப் பார்த்தால் அது ஒரே செட் பிள்ளைகள். பெண்கள் எண் ஒன்றிரண்டு குறைகிறது. ஆண்கள் எண் சரிந்துகொண்டே போகிறது, ஒவ்வொரு செட்டிலும். ஒவ்வொரு வருடமும் புது முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்துவிடுவதால் மொத்தக் கூட்டலில் இது தெரிவதே இல்லை. நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று படிவம் கேட்கவும் இல்லை. இருக்கிறவர்களை எழுது என்கிறது, நானும் எழுதினேன். தரையில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பார்த்தபோது, இத்தனை வருடம் இந்த வகுப்புகளுக்குள் போய்வந்து என்ன கவனித்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

எண்ணாக மட்டும் இருந்திருந்தால் முதல்வரிடம் ஒரு அறிக்கை கொடுத்துவிட்டு இருந்திருப்பேன். நான் நிரப்புவது போன வருடத்துக் கணக்கு. இந்தக் கணக்கெடுப்பு எப்போதும் தாமதம்தான். 2021-22 அறிக்கையே 2024 ஜனவரியில்தான் வெளியானது. போன வருடத்து முதலாம் ஆண்டு கணிதத்தில் பெயர்களைச் சரிபார்த்து ஆண்கள் கட்டத்தில் எண்ணைப் போட்டேன். அதே கையோடு இந்த வருடத்து இரண்டாம் ஆண்டுப் பட்டியலை எடுத்தேன். ஒரு பெயரைத் தேடினேன். இல்லை.

நம் ஹாஸ்டல் மெஸ் அக்காவின் பேரன், செல்வி.

உனக்கு நான் சொல்லவே இல்லை. போன வருடம் சேர்க்கை நாளில் அக்கா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பது வருடம் கழித்தும் என்னை நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். தலை முழுக்க வெள்ளை. குரல் மட்டும் அதே குரல். அவன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க். “உன் கையில விட்டுட்டுப் போறேன் பாப்பா” என்றார். நான் தலையாட்டினேன். முதல் இரண்டு மாதம் வராந்தாவில் பார்த்தால் “சாப்பிட்டியாடா” என்று கேட்பேன். பிறகு தேர்வு, கல்லூரியைத் தரம் பார்க்க வரும் நாக் குழு, அது இது என்று அவன் முகம் என் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

அக்கா தினமும் ராத்திரி தட்டை எண்ணுவாரே, நினைவிருக்கிறதா? ஒரு தட்டு கழுவாமல் மிச்சம் இருந்தால் யார் சாப்பிடவில்லை என்று பேர் சொல்லித் தேடிக்கொண்டு மாடி ஏறுவார். நீ அந்தத் தந்தி வந்த அன்றைக்குப் போர்வைக்குள் கிடந்தபோது, ரசம் சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தவர். அவருடைய பேரன் போய் ஒன்பது பத்து மாதம் ஆகிறது. நான் அவனை ஆண்கள் கட்டத்தில் ஒன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். ஒருவரையும் குறை சொல்லவில்லை அவர். மருமகனுக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியவில்லை. நகைக் கடன் ஏலத்துக்கு வந்துவிட்டது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முதல் செமஸ்டரில் அவனுக்கு மூன்று பேப்பர் போய்விட்டது. பள்ளியில் தமிழில் கணக்குப் படித்துவிட்டு வந்தவன். இங்கே புத்தகம், போர்டு எல்லாம் இங்கிலீஷ். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான். “எனக்குப் படிப்பு வரல ஆச்சி” என்று சொல்லிவிட்டுப் பொங்கல் முடிந்து ஊரில் இரண்டு பையன்களோடு பஸ் ஏறிவிட்டான். எங்கே தெரியுமா? திருப்பூருக்கு. உன் ஊருக்கு. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. டெய்லருக்கு உதவியாளான கைமடியாகச் சேர்ந்து இப்போது ஓவர்லாக் தையல் மிஷின் பழகுகிறானாம். தீபாவளிக்கு வந்திருக்கிறான், என்னைப் பார்க்காமலே போய்விட்டான்.

வேலைக்குப் போவது கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உன் வீட்டுக்காரரே அந்த மிஷினில் ஆரம்பித்தவர்தான். ஆனால் கணக்கு வராதவன் இல்லை இவன். கணக்கை அவன் காதுக்குப் புரிகிற மாதிரி நாங்கள் சொல்லவில்லை.

நான் விசாரித்துவிட்டேன். அவன் டி.சி. வாங்கவில்லை. பள்ளிக்கூட டி.சி. இன்னும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. முதல் செமஸ்டர் எழுதியிருக்கிறான், இரண்டாம் செமஸ்டருக்கு வருகைப் பதிவு போதாது. அந்தச் செமஸ்டர் டிசம்பரில் மறுபடி தொடங்கும்போது, பல்கலைக்கழக அனுமதி வாங்கி அடுத்த செட்டோடு உட்காரலாம். விண்ணப்பத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன், அவன் கையெழுத்து மட்டும் வேண்டும். கணிதத் துறையில் ஒரு கௌரவ விரிவுரையாளர், நல்ல பெண், சாயங்காலம் அரை மணி நேரம் தமிழில் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவளாகவே முன்வந்தாள். இன்னும் நாலைந்து பையன்களை அதில் சேர்க்கிறோம். நகைக் கடனுக்கு லட்டுவும் நானும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். உன் பங்கும் அதில் உண்டு, நீ மாட்டேன் என்று சொல்ல மாட்டாய் என்று தெரிந்துதான் சேர்த்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. ரூம் அடையாளத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே நேரில் போ, போனில் பேசாதே, எடுக்க மாட்டான். முதலில் படிப்பைப் பற்றி எடுக்காதே. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சாப்பாடு போடு. ஆச்சி அந்தக் காலத்தில் எப்படி இருந்தார் என்று சொல், மாடி ஏறி வந்ததைச் சொல். மூன்று பேப்பர் போனதைக் கேட்டால், உனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் இரண்டு தடவை போனதையும் சொல், கோபித்துக்கொள்ளாதே. வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். ஏன் என்று மட்டும் கேட்டு, அவன் சொன்ன வார்த்தையிலேயே எனக்கு எழுது. அது எங்கள் முதல்வருக்கும் தெரிய வேண்டும்.

அக்கா முந்திரிக்கொத்து செய்து கொடுத்தார், பார்சலில் தனியாக அனுப்புகிறேன். பெரிய பொட்டலம் அவனுக்கு, சின்னது உனக்கு. உன் பெயரைச் சொன்னதும், “ரசம் மட்டும் ஊத்திக் குடிச்சிட்டு ஓடுற பிள்ளைதானே” என்று கேட்டார்.

அன்புடன்,
மல்லிகா