புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை ஆகாது: ஒரு திருத்தம் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயைத் தடுக்கும் வைட்டமின்கள் பற்றித் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரை, காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடச் சொன்னவரை சரி. ஆனால் சாப்பாட்டில் போதாவிட்டால் ஏ, சி, இ மாத்திரைகளை எடுத்துக்கொள்ளலாம், புகைபிடிப்பவர்களுக்கு அது கூடுதல் பாதுகாப்பு என்று கடைசிப் பத்தி சொல்கிறது. புகைபிடிப்பவர்களுக்குத்தான் அது ஆகவே ஆகாது. இதைச் சோதித்துப் பார்த்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

கேரட் போன்ற காய்கறிகளில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் நிறமிதான் பீட்டா கரோட்டின். ரத்தத்தில் அது அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவது முன்பே கவனிக்கப்பட்ட விஷயம். அதை மாத்திரையாகக் கொடுத்தால் நோயைக் குறைக்கலாமோ என்ற நம்பிக்கையில் பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் புகைபிடிப்பவர்கள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், அல்லது 50 மில்லிகிராம் வைட்டமின் இ, அல்லது இரண்டும், அல்லது சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை என ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். தற்செயலாக இருக்குமோ என்ற சந்தேகத்தை அமெரிக்காவின் ‘கேரட்’ ஆய்வு போக்கியது. புகைபிடிப்பவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேர். தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு 25,000 ஐ.யூ. (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் ஏ. நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணங்கள் 17 சதவீதமும் கூடியிருந்ததால், 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் முதலில் கண்டது பொய்யா? இல்லை. ரத்தத்தில் கரோட்டின் கூடுதலாக இருப்பவர் பெரும்பாலும் காய்கறி அதிகம் சாப்பிடுபவர், புகை குறைவாகப் பிடிப்பவர். கரோட்டின் அந்த வாழ்க்கைமுறையின் அடையாளமாக இருந்ததே தவிர, காத்தது அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. அளவும் முக்கியம். நடுத்தரக் கேரட் ஒன்றில் சுமார் 5 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். பச்சையாகத் தின்றால் அதில் சிறு பங்குதான் உடலில் சேரும். வேகவைத்துக் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் சற்றுக் கூடும். மாத்திரையில் உள்ளதோ எளிதாக உறிஞ்சப்படும் வடிவம். பின்லாந்து ஆய்வில் ரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கு மேல் ஏறியது. ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும், செல்களைச் சிதைக்கும் மூலக்கூறுகள் புகையால் நிறைந்த நுரையீரலில் இவ்வளவு கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து உடைகிறது. அந்தத் துணுக்குகள், செல் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் ரெட்டினாயிக் அமிலத்தைக் குறைத்துவிடுவதை ஃபெரட் என்னும் சிறு விலங்கில் செய்த சோதனைகள் காட்டின. இதைப் படித்துவிட்டு யாரும் கேரட்டை நிறுத்த வேண்டாம். ஆபத்து மாத்திரையின் அளவில்தான்.

இந்த மாத்திரை வேறு பெயரிலும் வீட்டுக்குள் வந்துவிடும். வயதானவர்களின் விழித்திரை மையச் சிதைவுக்குக் கொடுக்கப்பட்ட பழைய கலவையில் 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருந்தது. இந்தக் கலவை குறித்து 2013-இல் வெளியான இரண்டாவது ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் தென்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எப்போதோ புகையை விட்டவர்கள். அதன் பிறகு கலவையில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன் 10, ஸியாக்சாந்தின் 2 மில்லிகிராம் என வேறு இரண்டு நிறமிகளைச் சேர்க்கிறார்கள். கண் மாத்திரை வாங்கும்போது லேபிளில் ‘வைட்டமின் ஏ (பீட்டா கரோட்டினாக)’ என்று இருந்தால், ஒருகாலத்தில் புகைபிடித்தவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் காட்டி மாற்றிக் கேட்க வேண்டும்.

வைட்டமின் இ-க்கு வருகிறேன். ஒருவருக்கு நாளைக்குத் தேவை 15 மில்லிகிராம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 400 ஐ.யூ. மாத்திரை செயற்கை வகையானால் 180 மில்லிகிராமுக்குச் சமம், அதாவது பன்னிரண்டு மடங்கு. லேபிளில் அதன் பெயர் ‘டிஎல்-ஆல்ஃபா’ என்று தொடங்கினால் செயற்கை, ‘டி-ஆல்ஃபா’ என்றால் இயற்கை. இந்த 400 ஐ.யூ. அளவைத்தான் ‘செலக்ட்’ ஆய்வில் ஆண்களுக்குக் கொடுத்தார்கள். மொத்தம் 35,533 பேர் சேர்ந்த அந்த ஆய்வின் 2011 அறிக்கையில், வைட்டமின் இ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

வைட்டமின் சி, டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தினம் 10 கிராம் வைட்டமின் சி-யை வாய்வழியாகக் கொடுத்து மேயோ கிளினிக் நடத்திய ஆய்வுகளில் புற்றுநோயாளிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை. வைட்டமின் டி தினம் 2,000 ஐ.யூ. எடுத்த பெரிய ஆய்விலும் புற்றுநோய் வருவது குறையவில்லை; குறைபாடு இருந்தால் எலும்புக்காக எடுப்பது வேறு விஷயம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சீனாவின் லின்ஷியன் பகுதியில், சத்துக்குறைவுள்ள மக்களிடையே, பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், வைட்டமின் இ 30 மில்லிகிராம், செலினியம் 50 மைக்ரோகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21 சதவீதம் குறைந்தது. பள்ளத்தில் இருப்பவரை மேட்டுக்குக் கொண்டுவர வைட்டமின் உதவியது. ஏற்கெனவே மேட்டில் நிற்பவருக்கு மேலும் மேலும் கொடுத்ததில்தான் கெடுதி வந்தது.

கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களின் நிலை. ஃபோலேட் என்னும் பி வைட்டமினின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தையே பாருங்கள். பெமெட்ரெக்ஸெட் என்னும் புற்றுநோய் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, அதன் பக்கவிளைவைத் தணிக்க ஃபோலிக் அமிலமும் பி12-ம் கட்டாயம் கொடுக்கப்படுகின்றன. கேப்சிடபைன் என்னும் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ ஃபோலேட் அந்த மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டி, கடும் வயிற்றுப்போக்கிலும் வாய்ப்புண்ணிலும் கொண்டுவிடலாம். ஒருவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து அடுத்த படுக்கைக்காரர் வாங்கிச் சாப்பிடுவது அதனால்தான் விபரீதம். போர்டெசோமிப் என்னும் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு வைட்டமின் சி மாத்திரை மருந்தின் வேலையையே மழுக்கக்கூடும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரையில், தினசரித் தேவையான 30 மைக்ரோகிராமுக்குப் பதில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். அது சில ரத்தப் பரிசோதனைகளின் எண்ணைத் தவறாகக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைப் பெயர்களை நினைவிலிருந்து சொல்வதைவிட, டப்பாக்களை அப்படியே பையில் எடுத்துப் போவது நல்லது. பெயரைவிட லேபிளின் பின்பக்கத்தில் உள்ள அளவுதான் அவருக்குத் தேவை.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல், புற்றுநோயைத் தடுக்க பீட்டா கரோட்டினோ வைட்டமின் இ-யோ எடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே பரிந்துரைத்திருக்கிறது. தங்கள் கட்டுரையை நம்பி இந்த வாரமே மாத்திரை வாங்கியவர்கள் இருப்பார்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், புகைபிடிப்பவர்களும் புகையை விட்டவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுக்கக் கூடாது என்ற திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவின் உணவியல் நிபுணர்கள்