வாலையும் சேர்த்து எடு

கயலு,

ஹேவ்லாக்கிலிருந்து நீ அனுப்பிய திருக்கைப் படம் வந்தது. நீலப் புள்ளி நன்றாகத் தெரிகிறது, வால்தான் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அந்தமானில் நீலப் புள்ளியோடு இரண்டு வகை உண்டு. புள்ளியை மட்டும் நம்பிப் பெயர் வைத்தால் தப்பும்.

ஒன்று டேனியூரா லிம்மா. அதற்கு வாலின் இரு பக்கமும் நீலக் கோடு ஓடும். உடம்பு நீள்வட்டம், புள்ளிகள் பளிச்சென்று இருக்கும், அகலம் 35 செ.மீ. தாண்டுவது அரிது. மற்றது நியோட்ரைகான், பட்டம் போல மூலை வைத்தது. கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் நுனிப் பக்கம் கறுப்பு வெள்ளை வளையங்கள். இதைப் பல காலம் 'குலி' என்றே எழுதினார்கள். 2018இல்தான் இந்தியக் கரையோர வகைக்கு 'இண்டிகா' என்று தனிப் பெயர் வந்தது. பழைய கையேட்டில் பெயர் பார்க்காதே.

உன் படத்தில் பட்டை இல்லை, விளிம்பும் வட்டம். லிம்மாவாகத்தான் இருக்கும். ஆனாலும் வாலைப் பார்க்காமல் குறிப்பேட்டில் ஏற்றாதே.

கடல் ஏறத் தொடங்கும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கு. நீர் வற்றும்போது லிம்மா பவளப் பாருக்கு அடியில் பொந்தில் ஒதுங்கிவிடும். ஏறும்போது ஆழமில்லாத மணலுக்கு வந்து புழுவும் இறாலும் கிளறும். நியோட்ரைகான் மணலில் புதையும். கண்ணும், அதன் பின்னால் நீர் இழுக்கும் துளையும் மட்டுமே வெளியே தெரியும்.

பக்கவாட்டில் போ, இரண்டு மீட்டர் தள்ளியே நில். தலைக்கு மேலே நிழல் விழுந்தால் ஓடிவிடும். பொந்தின் வாயை மறிக்காதே, வழியில்லாத திருக்கைதான் வாலை வீசும். லிம்மாவின் நஞ்சு முள் வாலில் வெகுதூரம் பின்னால் இருக்கிறது. அதனால் நீ நினைப்பதைவிடத் தூரம் எட்டும். வாலடியில் விரல் போல இரண்டு உறுப்பு நீட்டிக்கொண்டிருந்தால் ஆண்.

மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நட. குத்திவிட்டால் 45 டிகிரி அளவு வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வை. சூட்டில் நஞ்சு முறியும். நீரின் சூட்டை மற்றக் காலால் பார், குத்துப்பட்ட கால் வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடும். முள் துணுக்கு உள்ளே தங்கும், எனவே வலி போனாலும் மருத்துவரிடம் போ. நெஞ்சிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது.

அடுத்த முறை மூன்று படம்: முழு உடம்பு, கண், வால். எடுத்த நேரத்தையும், நீர் ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதி அனுப்பு.

அப்பா