மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்: யாருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்

மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

"பூனைக்கு உடம்பு சுடுது, ஒரு டோலோ கொடுங்க" என்று யாராவது வந்து கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அரை மாத்திரையும் வேண்டாம், கால் மாத்திரையும் வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுக்கிற சிரப்பும் வேண்டாம். டோலோ, கால்பால், குரோசின், பேர் எதுவானாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால். பூனைக்கு அது விஷம். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று தெரிந்தால்தானே வாடிக்கையாளரிடம் உறுதியாக மறுத்துச் சொல்ல முடியும், அதனால் மீதியையும் படித்துவிடுங்கள்.

நம் ஈரல் பாராசிட்டமாலைப் பக்குவப்படுத்திச் சிறுநீரில் வெளியே அனுப்பிவிடும். அதற்கு வேண்டிய நொதி பூனையின் ஈரலில் இல்லாத குறைதான். வெளியேறாமல் தங்குகிற மருந்து இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. அந்த இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் போனதற்கே பூனைகளுக்கு விஷம் ஏறியிருக்கிறது. நம் ஊர்ப் பூனைகள் மூன்று, நான்கு கிலோ இருக்கும். 650 மில்லிகிராம் மாத்திரையில் பாதி 325. நான்கு கிலோ பூனை என்றால் கிலோவுக்கு 80-ஐத் தாண்டிவிடுகிறது. "சின்ன உடம்புதானே, பாதி போதும்" என்று நல்லெண்ணத்தில் உடைத்துக் கொடுக்கிற பாதியே அதைக் கொல்லப் போதும்.

எங்கள் தெருவில் அப்படி நடந்தது. ஒரு வீட்டுக் கடுவன் பூனை, இன்னொரு கடுவனோடு சண்டை போட்டுவிட்டு வந்து இரண்டு நாளாகச் சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. தொட்டால் சுட்டது. அந்த வீட்டுப் பையன் இரவில் மருந்துக்கடைக்கு ஓடி, கேட்டு, கடையில் சொன்னபடி அரை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து ஊட்டிவிட்டான். நான் பூனை வளர்க்கிறவள் என்பதால் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு, டிகாஷன் ஊற்றிய மாதிரி பழுப்பாக இருந்தது. தாடையும் முன்னங்கால் பாதங்களும் வீங்கியிருந்தன. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் சேர்த்து டாக்டர் முயன்று பார்த்தும் சாயங்காலம் போய்விட்டது. வால் அடியில் முடிக்குள் மறைந்து ஒரு சீழ்க்கட்டி இருந்தது, சண்டையில் பட்ட கடிக்காயம். அதைக் கீறிச் சீழை எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் நாலைந்து நாளில் தேறியிருக்கும் என்றார் டாக்டர்.

கடையில் இருந்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. கலங்கிப்போய் வந்து நின்ற பிள்ளைக்கு உதவத்தான் நினைத்தார். அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியவேண்டும். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. கெட்டிச் சளி கரைவதற்காகத் தண்ணீரில் போட்டு நுரைக்க நுரைக்கக் குடிப்போமே, அந்த அசிட்டைல்சிஸ்டீன்தான். ஊசியாகவும் வருகிறது. எவ்வளவு, எப்படி என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். ஆனால் இரவு நேரத்தில் ஒருவர் கால்நடை மருத்துவரின் சீட்டோடு வந்து இதைக் கேட்டால், "பூனைக்கு எதுக்குச் சளி மாத்திரை" என்று திருப்பி அனுப்பாமல் உடனே எடுத்துக் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு பலன்.

அப்புறம் இந்தச் "சுடுது" சமாசாரம். நாய்க்கும் பூனைக்கும் இயல்பான உடல் வெப்பமே சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கை 98.6-க்குப் பழகியது, தொட்டால் எப்போதும் சுடுவது போலத்தான் இருக்கும். தெர்மாமீட்டர் வைத்து 101.5 காட்டியதும் பதறிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "அதுக்கு அது நார்மல்தான், சாப்பிடுதா, தண்ணி குடிக்குதான்னு பாருங்க" என்று நீங்கள் சொன்னாலே பாதிப் பேர் மாத்திரை வாங்காமல் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். சாப்பாட்டைத் தொடாமல் இரண்டு நாள் கிடக்கிற பூனையை மட்டும் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். நொண்டுகிற நாய்க்கு என்று வலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் பூனைக்காரர்களைவிட அதிகம். இபுபுரூஃபென் (ப்ரூஃபென், காம்பிஃப்ளாம் எல்லாம் இதில் அடக்கம்), டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலம் தார் போலக் கறுத்துப் போகும்போதுதான் வீட்டில் கவனிப்பார்கள். கால்நடை மருத்துவர்கள் நாய்க்கு மெலாக்சிகாம் எழுதுவது உண்டு. இங்கேதான் ஒரு சிக்கல். நாய்க்கென்று வருகிற திரவ மருந்து கையிருப்பில் இல்லை, அதே மருந்து மாத்திரையாக இருக்கிறது என்று மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் அளவில்தான் தொடர்ந்து கொடுப்பார்கள். நமக்கு வருகிற மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். சீட்டில் இருப்பது இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அல்லது டாக்டருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். சிரப் கொடுக்கும்போது அது சுகர் ஃப்ரீயா என்று லேபிளைத் திருப்பிப் பாருங்கள். இனிப்புக்குச் சைலிட்டால் சேர்த்த மருந்து நாய்க்குள் போனால் இரத்தச் சர்க்கரை திடீரென்று விழுந்துவிடும், ஈரலும் சேதமாகும்.

டைக்ளோஃபினாக்கைப் பற்றி எழுதும்போது பாறுக் கழுகுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதன் பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் குப்பியின் அளவையே 3 மில்லி ஒற்றை டோஸாகக் குறைக்க வேண்டி வந்தது. நம் மாநிலத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற பாறுகளின் உயிரும் ஏதோ ஒரு விதத்தில் உங்கள் கவுண்டரோடு சம்பந்தப்பட்டது.

உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி என்று வருகிறவர்களிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். நமக்குச் சிரங்குக்குப் பூசுகிற பெர்மெத்ரின் கிரீமைப் பூனைக்குத் தடவினால் உடம்பு வெட்டி வெட்டி இழுத்து வலிப்பு வரும், செத்தும் போகும். நாய்க்குச் சொட்டு மருந்தாக வருவதிலும் சிலவற்றில் இதே பெர்மெத்ரின் உண்டு. நாய்க்குப் போட்டதில் மிச்சத்தைப் பூனைக்கும் போட்டுவிடுவது நம் வீடுகளில் சகஜம். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற டெல்டாமெத்ரின், நாயைத் துடைக்கிற அமிட்ராஸ் இவற்றையும் பூனையின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஐவர்மெக்டின் 12 மில்லிகிராம் மாத்திரை மனிதர்களுக்கு அளந்தது. ஒரு கிலோ, இரண்டு கிலோ குட்டிகளுக்கு அதை அளவு தெரியாமல் கொடுத்தால் நரம்பைத் தாக்கும். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு, மூளைக்குள் மருந்தை விடாமல் தடுக்கிற மரபணுவே பழுதாக இருக்கும். அவற்றுக்குச் சொறி சிகிச்சைக்குக் கொடுக்கிற வழக்கமான அளவே ஆபத்து.

இனி, பிராணிக்கு இல்லை, மனிதர்களுக்கு. நாய் கடித்தோ பூனை பிறாண்டியோ உங்களிடம் வந்து "ஒரு டிடி போட்டு விடுங்க" என்று கேட்பவர்கள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். டிடி ஊசி டெட்டனஸுக்கானது, வெறிநோயைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர் ஆபத்தில் இருக்கிறார். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்தது வீட்டு நாய்தான், குட்டிதான், லேசான கீறல்தான் என்று என்ன சொன்னாலும், முதலில் குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் கடை வாசல் குழாயிலேயே கழுவ வையுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கவேண்டாம். அப்படியே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்புங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் மறுபடி போடவேண்டும். இரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து) போடவேண்டியிருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். டாக்டர் சொல்வதைவிட, தெரு முனையில் தினமும் முகம் பார்க்கிற மெடிக்கல்காரர் சொல்வது பலருக்கு மனதில் நிற்கும்.

மக்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. மாட்டாஸ்பத்திரி சாயங்காலத்தோடு மூடிவிடுகிறது. தனியார் கிளினிக் போனால் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்களோ என்ற பயம். தெருப்பூனைக்குச் சோறு வைக்கிற பாட்டியிடம் அவ்வளவு பணம் ஏது? ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டார்கள். இதெல்லாம் அரசு சரிசெய்யவேண்டியவை, அதற்குத் தனியாக எழுதவேண்டும். ஆனால் இன்றைக்கு இரவு பத்து மணிக்கு விளக்கெரிகிற ஒரே இடம் உங்கள் கடை. அங்கே வருகிறவரை வெறுங்கையோடு அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒரு யோசனை. உங்கள் பகுதியில் இருக்கிற கால்நடை மருத்துவர்களின் பெயர், தொலைபேசி எண், நேரம் எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி, கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அரசு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் அதில் சேருங்கள். அருகில் கல்லூரி மருத்துவமனை இருந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு ஒரத்தநாடு, சென்னைக்கு வேப்பேரி, அப்புறம் நாமக்கல், திருநெல்வேலி என்று இருக்கின்றன. அதே தாளில் கீழே பூனைக்குக் கொடுக்கக் கூடாதவை என்று பாராசிட்டமால், பெர்மெத்ரின் இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள். வேலைக்குப் புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு முதல் நாளே அதைக் காட்டுங்கள். மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் விதிமுறைகளே சொல்கின்றன. ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு போன்ற அட்டவணை எச் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாய்க்குத்தானே என்று அதைத் தளர்த்தாதீர்கள்.

மாவட்ட மருந்து வணிகர் சங்கங்களின் பொறுப்பாளர்கள் இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அப்படிச் செய்வதாக இருந்தால், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து அச்சடித்து, கடை கடையாகக் கொண்டுவந்து கொடுக்கிற வேலையை நானும் என் தோழிகளும் ஏற்றுக்கொள்கிறோம்.

அன்புடன்,
பூனைகளும் நாயும் வளர்க்கிற ஒரு வாடிக்கையாளர்
தஞ்சாவூர்